செஞ்சிக்கு வராத ரயிலின் ஓசை

செஞ்சிக்கு ரயில் கிடையாது. சோழர், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்து போகாத படையில்லை. வராதது ரயில் மட்டும்தான். கிழக்கே 30 கிலோமீட்டருக்குள் திண்டிவனம், மேற்கே 40 கிலோமீட்டருக்குள் திருவண்ணாமலை. இரண்டிலும் நிலையம் உண்டு. இரண்டையும் செஞ்சி வழியாக இணைக்கும் பாதைக்கு 2006-07-ல் ஒப்புதல் கிடைத்தது. இன்றுவரை பாதை முடியவில்லை. 2025 ஜூலையில் மராட்டியப் படைக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலுக்குப் போவது திண்டிவனம் போவதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

என்றாவது ராஜகிரியின் அடிவாரத்தில் ரயில் வந்தாலும் அது மின்சார ரயிலாகவே இருக்கும். ஆகவே நீராவி எஞ்சினின் மூச்சை இந்த ஊர் தன் மண்ணில் கேட்க வேண்டுமானால், அது கைக்கடக்கமான மாதிரி எஞ்சினுக்குள் பொருத்திய, நகத்தைவிடச் சற்றே பெரிய ஒலிபெருக்கியிலிருந்துதான் வரவேண்டும். அந்தச் சிறு பெட்டியின் வரலாறும், அதற்குள் யாருடைய குரல் இருக்கிறது என்ற கேள்வியும்தான் இக்கட்டுரை.

நீராவி எஞ்சினின் ஓசை அலங்காரமன்று. உருளைக்குள் உந்துதண்டைத் தள்ளி முடித்த நீராவி, புகைபோக்கி வழியே வெளியேறும்போது எழும் அடி அது. அவ்வாறு வெளியேறும் வேகமே நெருப்பறைக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கிறது. எஞ்சின் கடினமாக உழைத்தால் அடி கனக்கும், நெருப்பும் கொழுந்துவிடும். சாதாரண எஞ்சினுக்கு இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் உந்துதண்டு இருபுறமும் தள்ளப்படுகிறது. ஆக, சக்கரம் ஒருமுறை சுழல நான்கு அடி. நம் குழந்தைகள் சொல்லும் 'சிக்குபுக்கு'வை அலகிட்டுப் பாருங்கள்: சிக்கு தேமா, புக்கு தேமா. இரண்டு உருளைக்கு இரண்டு சீர், நான்கு வெளியேற்றத்துக்கு நான்கு நேரசை. மூன்று உருளை எஞ்சின்கள் நம் பாதைகளில் பரவலாக ஓடியிருந்தால் இன்னொரு சீர் கூடியிருக்கும்.

மாதிரி எஞ்சினுக்குள் இருப்பதோ மின்மோட்டார். அதற்கு மூச்சு இல்லை, முனகல் மட்டுமே. இந்தக் குறையைப் போக்கும் முயற்சிகள் பழையவை. 1935-ல் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிவண்டிக்குள் சிறு காற்றாடி மோட்டார் வைத்து உண்மையாகவே காற்றால் ஊதும் ஊதலைக் கொண்டுவந்தது. தண்டவாளத்தில் ஓடியது மாறுதிசை மின்சாரம். பொத்தானை அழுத்தினால் அதனோடு சிறிது நேர்மின்சாரம் கலக்கும். அதை உணர்ந்து ஊதல் விழித்துக்கொள்ளும். பின்னர் பிரிட்டனின் ஹார்ன்பி, சக்கரம் சுழலும்போது சொரசொரப்பான பரப்பில் உரசி ஓசை எழுப்பும் எளிய சாதனத்தைப் பொருத்தியது. உப்புத்தாள் தேய்ப்பது போன்ற அந்த ஓசையைக் கேட்டு மகிழக் குழந்தையின் காது வேண்டும். 1970களில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் என்ற அமெரிக்க நிறுவனம் ஓசையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே உருவாக்கி, தண்டவாளம் வழியாகவே கரிவண்டி ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. சக்கரத்தில் பொருத்திய தொடுமுனை, அடி எப்போது விழவேண்டும் என்பதைச் சொன்னது. ஓசை சக்கரத்தோடு கட்டுண்டது என்ற வகையில் இதுவே முக்கியமான அடி என்பேன்.

பிறகு எண்முறை வந்தது. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரத்தை ஏற்படுத்தியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆனால் அதன் திசை இடைவிடாமல் மாறும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவிநாடி நீடித்தால் 'ஒன்று', ஏறத்தாழ 100 நீடித்தால் 'பூஜ்யம்'. மின்சாரமே எழுத்தாகவும் ஆகிவிடுகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் படித்து மோட்டாரையும் விளக்கையும் ஓசையையும் இயக்கும். ஓசை இப்போது சில்லில் பதிந்த உண்மையான ஒலிப்பதிவு.

இதைப் பொருத்துவதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது இடம். ஒலிபெருக்கியின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதால், அதன் பின்புறத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் அடைத்தாக வேண்டும். அடைக்காவிட்டால் கொசுவின் ரீங்காரமே மிஞ்சும். கைபேசிகளுக்காகச் செய்யப்பட்ட சர்க்கரைக்கட்டி அளவு ஒலிபெருக்கிகள் வந்த பிறகுதான் சிறிய எஞ்சின்களுக்கு விமோசனம் பிறந்தது. மின்தடையும் பொருந்த வேண்டும்: பழைய டிகோடர்கள் சில 100 ஓம் ஒலிபெருக்கியைக் கேட்டன, புதியவை 4 அல்லது 8 ஓம். மாற்றிப் பொருத்தினால் டிகோடரே எரிந்துவிடக்கூடும். எவ்வளவு செய்தாலும் அடிக்குரல் வராது. நடைமேடையில் நின்றவன் நெஞ்சுக்கூட்டில் உணர்ந்த அதிர்வை ஒரு சென்டிமீட்டர் தகடு தர இயலாது. ஓசையைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க முடியாதே.

இரண்டாவது சிக்கல் நேர்மை. ஏற்றத்தில் அடி கனக்கவேண்டும். இறக்கத்தில் ஓட்டுநர் நீராவியை அடைத்துவிட்டால் மூச்சு நின்று இணைப்புத்தண்டுகளின் கணகணப்பு மட்டும் கேட்கவேண்டும். நல்ல டிகோடர் இதற்காக மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கணப்பொழுது நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து, வேகத்தையும் சுமையையும் கணிக்கிறது. நாடித்துடிப்பு பார்ப்பது போலத்தான்.

இந்த நாடி ஜோதிடம் தோற்றுப்போகும் எஞ்சின் ஒன்று நம்மிடமே உண்டு: நீலகிரி மலைரயிலின் எக்ஸ் வகை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-ல் திறக்கப்பட்டு 1908-ல் உதகையை எட்டிய அந்தப் பாதையில், கல்லாறு முதல் குன்னூர்வரை 12-க்கு 1 என்ற அளவில் ஏற்றம் செல்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட பாதை. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்ட இந்த எஞ்சின்களுக்கு நான்கு உருளைகள். கீழுள்ள இரண்டும் ஓடும் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேலுள்ள இரண்டும் பற்சக்கரத்தை. கல்லாறுவரை கீழ்ச்சோடி மட்டும் உழைக்கும். வழக்கமான நான்கு அடி. பற்பாதை தொடங்கியதும் கீழ்ச்சோடியில் பாதி சக்தியை இழந்த நீராவி மேல்சோடிக்குப் போகிறது; மேல்சோடி ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் துள்ளிச் சுழல்கிறது. வண்டி மெதுவாகிறது, மூச்சு விரைகிறது. மலையேறும் கிழவரைக் கேட்பது போலிருக்கும். மோட்டாரின் வேகத்தை மட்டும் பார்க்கும் டிகோடருக்கு இது புரியாது. அதற்கென்று இரண்டு தனி ஓசைத்தொகுதிகளை எழுதி, பற்பாதையில் ஏறும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு இந்த எஞ்சினுக்குத் தனிக் கரிவண்டியும் இல்லை. 12 மில்லிமீட்டர் இடைவெளிப் பாதையில் ஓடும் மாதிரியில் ஒலிபெருக்கியைக் கொதிகலத்துக்குள்ளோ பக்கவாட்டு நீர்த்தொட்டிக்குள்ளோதான் ஒளிக்க வேண்டும்.

வித்தை தெரிந்தவர்களுக்கு இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். தீராதது வேறு. டிகோடரில் ஏற்ற ஒலிப்பதிவு வேண்டுமே? கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்க, ஜெர்மானிய எஞ்சின்களின் குரல்கள். அங்கெல்லாம் நீராவி மறையும் முன்பே சிலர் விழித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட், 1950களிலிருந்தே ரயிலோசையைப் பதிந்து இசைத்தட்டாக வெளியிட்டார்; பின்னாளில் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்தின் ஒலிப்பதிவுக்காக ஆஸ்கர் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க், இரவு ரயில்களைப் படமெடுத்ததோடு நில்லாமல் ஓசையையும் பதிந்தார். விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில், செஞ்சியிலிருந்து பேருந்தேறிப் போய் நம் தாத்தாக்கள் பிடித்த ரயில்களை இழுத்த வைபி, வைஜி எஞ்சின்களுக்கு அப்படியொரு இசைத்தட்டை நான் கண்டதில்லை. நம் நினைவில் இருப்பது சினிமா ஓசை. அதையும் ஒலிக்கூடத்தில் யாரோ சேர்த்திருப்பார்கள்.

விளைவு விநோதமானது. ஜம்ஷெட்பூரில் டெல்கோ கட்டிய வைபி எஞ்சினின் மாதிரிக்குள் கொலராடோ எஞ்சினின் மூச்சை வைக்க நேர்கிறது. முதல் பொத்தானை அழுத்தினால் அமெரிக்க எஞ்சினின் வெண்கல மணி ஆடும். நம் எஞ்சினில் ஏது மணி? இங்கே மணி நிலையத்தில்தான் தொங்கியது. அதுவும் பல ஊர்களில் மணியல்ல, தண்டவாளத் துண்டு. இரவல் குரலைவிட மோட்டாரின் முனகலே நேர்மையானது என்று சில சமயம் எனக்குத் தோன்றும். நண்பர்கள் இதை ஒப்புவதில்லை.

வைபியின் குரலை இனித் தேடவேண்டுமென்றால் ஹரியானாவின் ரேவாரி போன்ற மரபுக் கொட்டில்களுக்குத்தான் போகவேண்டும். எக்ஸ் வகையின் நிலை அவ்வளவு மோசமில்லை. 2011 முதல் பொன்மலைப் பணிமனை புதிய எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது. ஆனால் அவற்றில் பல எண்ணெயால் எரிபவை. எண்ணெய் அடுப்பின் இடையறாத இரைச்சல், நிலக்கரிக் காலத்தின் அடிகளுக்கு நடுவே இருந்த மௌனத்தை விழுங்கிவிடுகிறது. பதிவு செய்யப் போகிறவர்கள் பெட்டிக்குள் உட்கார்ந்து பயனில்லை. எஞ்சின் கீழ்ப்புறம் நின்று தள்ளிக்கொண்டு வருவதால் முன்பெட்டிக்காரர்களுக்குக் காற்றுதான் கேட்கும். கல்லாறு நிலையத்தைத் தாண்டி, பற்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அனுமதி பெற்று, காலை வண்டி வரும் முன்பே ஒலிவாங்கியை வைத்துவிட வேண்டும். நான்கு அடி எட்டாக மாறுவது சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும்.