பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

எங்கள் தெருமுனை வீட்டு கேட்டில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., டி.பி.எச். என்று போட்டிருக்கும். நகராட்சி சுகாதார அதிகாரி வீடு. முதலாவது டாக்டர் படிப்பு என்று தெரியும். இரண்டாவது? "அது சாக்கடை படிப்புடா" என்பார் தாத்தா. கேலிதான். ஆனால் பெரிய தப்பில்லை என்று பின்னால் படித்தபோது தெரிந்தது.

கதை 1847-ல், லிவர்பூலில் தொடங்குகிறது. பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பல் கப்பலாக ஜனம் வந்திறங்கிய வருஷம். நிலவறைகளில் டைபஸ் பரவியது. அந்த ஜனவரியில்தான் டாக்டர் டங்கன் அங்கே சுகாதார அதிகாரியானார், பிரிட்டனில் முதல் ஆள். எடின்பரோவில் பட்டம் வாங்கிய உள்ளூர்க்காரர், ஊரே அறிந்தவர். அதனால் சரிபார்க்க ஒன்றுமில்லை.

மற்ற ஊர்கள் என்ன செய்யும்? அடுத்த வருஷம் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம், உள்ளூர் வாரியங்கள் சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவரை நியமிக்கலாம் என்றது. சரி, யார் தகுதி பெற்றவர்? பல்கலைக்கழகங்கள், மருத்துவக் கழகங்கள், மருந்தாளர் சங்கம் என்று ஆளாளுக்கு உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் சேர்த்த ஒரு பட்டியல் கிடையாது. ஒருத்தர் காகிதத்தை நீட்டினால் ஊர்ப் பெரியவர்கள் நம்ப வேண்டியதுதான்! 1858 மருத்துவச் சட்டம்தான் பதிவேட்டைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இருந்தால் டாக்டர், இல்லையென்றால் இல்லை.

ஆனால் காய்ச்சல் பார்க்கத் தெரிந்தவருக்குக் குடிநீர்க் குழாயும் கழிவுக் கால்வாயும் தெரியுமா? டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1871-ல் இதற்கென்றே தனிப் பட்டயம் தொடங்கியது. பிறகு கேம்பிரிட்ஜ். 1888 சட்டம், ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள வட்டாரங்களில் அந்தப் பட்டயமோ போதிய முன் அனுபவமோ இல்லாதவரை 1892 முதல் நியமிக்கக்கூடாது என்றது. அதாவது முதல் நியமனத்துக்கும் இந்த விதிக்கும் நடுவே நாற்பத்தைந்து வருஷம். சின்ன ஊர்களுக்கு அப்போதும் விலக்கு.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாத தகுதி ஒன்று இருக்கிறது. சின்ன ஊர்களில் பெரும்பாலும் உள்ளூர் டாக்டரையே பகுதிநேரமாக வைத்துக்கொண்டார்கள். காலையில் வீட்டுச் சொந்தக்காரருக்கு வைத்தியம், மதியம் அவர் வாடகைக்கு விட்ட வீட்டில் கக்கூஸ் சரியில்லை என்று அறிக்கை. எழுதுவாரா? பட்டம் அசல்தான், கைதான் வராது. டங்கனுக்கே முதலில் 300 பவுண்டு சம்பளம், கூடவே தனி பிராக்டிஸுக்கு அனுமதி. 1848-ல்தான் 750 ஆக்கி முழுநேரமாக்கினார்கள். அந்த 450 பவுண்டு, என் கணக்கில், பட்டயத்தை விடப் பெரிய சீர்திருத்தம்.

நம் ஊர் டாக்டர்களின் டி.பி.எச். இந்த வழியில் வந்ததுதான்.

தெருமுனை டாக்டர் வேலையில் இருந்தபோது எங்கள் வீட்டுக் கிணற்றை மூடச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினாராம். கிணற்றுக்குப் பத்தடியில் கக்கூஸ் குழி. தாத்தாவும் அவரும் ஒன்றாகச் சீட்டாடுகிறவர்கள். "நீயுமாய்யா?" என்று கேட்டுவிட்டு வந்த தாத்தா, அப்புறம் நாலு வருஷம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. கிணற்றை மட்டும் அந்த வாரமே மூடிவிட்டார்.