பஞ்ச்

பழச்சாறும் மதுவும் கலந்து அகன்ற கிண்ணத்தில் பரிமாறும் கோடைப் பானமான 'பஞ்ச்', ஐந்து என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது என்பதே என் முடிவு. மது, சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப்பொருள் என அதன் சேர்மானம் ஐந்து. 1698இல் வெளியான தம் பயணநூலில் ஜான் ஃபிரையர் இந்தக் காரணத்தையே சொல்கிறார். மதுப்பீப்பாயைக் குறிக்கும் 'பஞ்சன்' என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே இது என்று மறுப்போர் உண்டு. இச்சொல்லின் பழைய ஆங்கில உச்சரிப்பிலுள்ள உகரம் இந்துஸ்தானிச் சொல்லின் அகரத்தோடு பொருந்தாது என்பது அவர்களின் வலுவான வாதம். ஆனால் அந்த உகரம் பதினேழாம் நூற்றாண்டிலேயே அகரத்தை நோக்கித் திரியத் தொடங்கிவிட்டது. மேலும், 1632இல் இச்சொல் முதலில் தென்படுவது ஆந்திரக் கரையிலிருந்த பேட்டப்போலி வணிகருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் எழுதிய கடிதத்தில். பெர்னியே என்ற பிரெஞ்சுப் பயணியும் இதைக் கிண்ணத்தோடு சேர்த்தே எழுதுகிறார். பீப்பாய் அங்கே இல்லை. நம் பஞ்சாமிர்தத்தின் 'பஞ்ச'வும் இந்த ஐந்தும் ஒரே வேரின.