கையெழுத்துப் போட்டால் சாதி போகுமா?

சாதிச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கிறவர்கள் புலம்புவதை யாரும் வரலாறு என்று எழுதி வைப்பதில்லை. ஆனால் புதுச்சேரி தலித் மக்களின் வரலாற்றைத் தேடி நான் படித்த புத்தகங்களைவிட அந்த வரிசையில் காதில் விழுந்த புலம்பல்கள் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக மனு எழுதிக்கொடுக்க நான் போவது வழக்கம். வெயில், நெரிசல், உட்கார இடமில்லை, ஜெராக்ஸ் ஒரு பக்கம் விட்டுப்போனால் "நாளைக்கு வா" என்கிற பதில். அப்படி ஒரு நாள் மூன்று பெண்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது.

"எங்க அப்பன் பாட்டன் பொறந்து வளர்ந்த ஊரு இது. திண்டிவனத்துல இருந்து வந்தவங்கல்லாம் எங்க புள்ளைங்க சீட்டப் புடிச்சிக்கிறீங்க" என்றார் முதலாமவர்.

"நான் வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆவுது. ரேஷன் இங்க, ஓட்டு இங்க. சாதி மட்டும் செக்போஸ்டுலயே நின்னுடுச்சா?" என்று கேட்டார் இரண்டாமவர்.

கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த மூன்றாமவர் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "ஒங்களுக்காவது எந்த ஊரு சாதின்னுதான் தகராறு. எனக்குச் சாதியே கெடையாதாம். ஞானஸ்நானம் வாங்கினதும் போயிடுச்சாம். எங்க தெருவுல வந்து அத யாராவது சொல்லட்டுமே!"

மூன்று பேரும் பறையர்கள். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் மூன்று பேரும் மூன்று வகை. இந்தச் சண்டையை அவர்கள் உண்டாக்கவில்லை. நூற்றைம்பது வருஷமாக நம்மிடம் நீட்டப்பட்ட மூன்று காகிதங்கள் உண்டாக்கின. அந்தக் காகிதங்களின் கதையை நாம் நம் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காகிதத்துக்கு முன்னால் சுவர் இருந்தது. புதுச்சேரி என்றதும் சுற்றுலா வருகிறவர்கள் வெள்ளையர் பகுதி, கறுப்பர் பகுதி, இரண்டுக்கும் நடுவில் பெரிய வாய்க்கால் என்று படம் எடுத்துப் போகிறார்கள். நிறத்துக்கு ஒரு வாய்க்கால் இருந்ததைப் பேசுகிறவர்கள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த சுவரைப் பேசுவதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறது. சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, பிறகு எதற்குச் சுவர் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளை நம் பக்கம் நின்று எழுதியவர் அல்ல. அதனாலேயே அந்தச் சாட்சியம் நமக்கு மதிப்புள்ளது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று இன்றைக்குச் சட்டம் பேசுகிறவர்கள் முதலில் இந்தச் சுவருக்குப் பதில் சொல்லட்டும். சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் நம் ஆட்கள்தான் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

முதல் காகிதம் 1881 இல் வந்தது. அதற்கு முன்கதை ஒன்றுண்டு. 1873 இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டார். பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். புதுச்சேரியின் சமத்துவ வரலாறு இந்தச் சப்பாத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று எழுதுவார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பொன்னுத்தம்பி வேளாளக் கிறிஸ்தவர். வெள்ளைக்காரனின் நீதிமன்றத்தில் அவருக்கு மறுக்கப்பட்ட செருப்பு, நமக்கு ஊர்த்தெரு முழுக்க மறுக்கப்பட்டிருந்தது. அதற்காக எந்த வழக்கும் பாரிசுக்குப் போனதாகப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

1881 செப்டம்பர் 21 ஆம் தேதியிட்ட ஆணை சொன்னது இதுதான்: உன் சாதி, மதம் சார்ந்த சொந்தச் சட்டத்தைத் துறந்துவிட்டேன் என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடு. ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள். இனிமேல் பிரெஞ்சு சிவில் சட்டம்தான் உனக்கும். கல்யாணம், சொத்து, வாரிசு எல்லாம் அதன்படி. ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்பப் பெற முடியாது. இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். பொன்னுத்தம்பி தனக்கு லாபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று அர்த்தம்.

அந்தக் கதவு வழியே அதிகமாக நுழைந்தவர்கள் யார்? கிறிஸ்தவர்களும் தலித்துகளும்தான். ஆதிக்க சாதி இந்துக்கள் வெளியே நின்றுகொண்டார்கள். துறப்பதற்கு அவர்களிடம் மடியில் கனம் இருந்தது. நம்மிடம் இழிவைத் தவிர என்ன இருந்தது? சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் அவர்கள் திரண்டு, எங்கள் ஆசாரத்தில் கைவைக்காதே என்று அரசியல் செய்தார்கள். அவர் இறந்த 1908 வரைக்கும் பிரெஞ்சிந்திய அரசியலில் அந்தக் கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது. சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்று கட்டடத்தில் எழுதி வைத்திருந்த குடியரசு என்ன செய்தது? ஆணை போட்ட மூன்றாவது வருஷமே, 1884 இல், வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தது. ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, துறக்காத இந்தியருக்கு ஒன்று. சாதியைத் துறந்தவன் பிரெஞ்சுக்காரனாகவில்லை. துறந்தவன் என்பதே அவனுக்குப் புது சாதியாகிவிட்டது.

ஆனாலும் அந்தக் காகிதத்தை வெறும் ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நம் பாட்டன்மார்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சைகோனுக்குக் கப்பலேறினார்கள். காவலர்களாக, வரி வசூலிக்கிறவர்களாக, எழுத்தர்களாக வேலை பார்த்தார்கள். ஐரோப்பியனுக்குத் தருகிற சம்பளத்தை எனக்கும் கொடு, நானும் குடிமகன் என்று கேட்டு வாதாடினார்கள். ஊரில் மேல்துண்டை இறக்கிக் கக்கத்தில் வைக்க வேண்டியிருந்தவன், கடலுக்கு அப்பால் தலை நிமிர்ந்து மனுப் போட்டான். அது சின்ன விஷயம் இல்லை. திரும்பி வந்தபோது சேரி அங்கேயே இருந்தது என்பதுதான் விஷயம்.

இரண்டாவது காகிதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். அந்த நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 இல் நடந்தது. அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ரெனோன்சான் பேரனாக இருந்தாலும் மறுபடி கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டவர்கள் சுமார் 5,000 பேர்.

எங்கள் ஆயாவின் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் சொல்வதுபோல 'சொல்தா'. ஆயாவின் அப்பா மில் தொழிலாளி. ஆயா இதைச் சொல்லும்போது குரலில் கோபமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. அரிசி புடைத்துக்கொண்டே சொல்லும்: "பெரியப்பன் கையெழுத்துப் போட்டாரு, பிரான்சுக்குப் போயிட்டாரு. எங்கப்பன் போடல, மில்லுக்குப் போயிட்டாரு." அவ்வளவுதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், இரண்டு தேசம். பெரியப்பா வீட்டுக்கு மாசா மாசம் பென்ஷன் வந்தது, மாடி வந்தது. "சொல்தா வூடு" என்று தெருவே வாய் பிளந்தது. எங்கள் வீட்டில் மில் சங்கு ஊதினால்தான் சோறு. நல்லது கெட்டதுக்குப் பேச்சுவார்த்தை குறைந்தது. ஆனால் பெரியப்பா செத்தபோது, அந்தப் பிரெஞ்சுக் குடிமகனின் பிணம் எங்கள் சுடுகாட்டுப் பாதையில்தான் போனது. ஊர்த்தெரு வழியாக விடவில்லை.

மூன்றாவது காகிதம் 1964 இல் டெல்லியிலிருந்து வந்தது. புதுச்சேரிக்கான அட்டவணை சாதிகள் ஆணை. இந்தப் பிரதேசத்தில் வசிக்கிற இன்னின்ன சாதியார் அட்டவணை சாதியினர் என்றது. இந்து, சீக்கியர் அல்லாத வேறு மதத்தவர் இல்லை என்றது. 1990 இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான்.

'வசிக்கிற' என்கிற ஒரு சொல் எவ்வளவு தூரம் வெட்டியிருக்கிறது பாருங்கள். புதுச்சேரி ஒரே துண்டாகக் கிடக்கிற நிலம் அல்ல. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று பழைய தென்னார்க்காட்டுக்குள் திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடப்பது. ஒரு வயலுக்கு அப்பால் தமிழ்நாடு, இன்னொரு வயலுக்கு அப்பால் மறுபடி புதுச்சேரி. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் சண்டை போட்டும் பேரம் பேசியும் இழுத்த கோடு இது. நம் ஜனங்கள் அந்தக் கோட்டைப் பார்த்தா நடவுக்குப் போனார்கள், பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள்? 2005 இல் ஆசிரியர் வேலை தொடர்பான வழக்கில், வெளியிலிருந்து வந்த தலித்துகளுக்கும் இங்கே இடஒதுக்கீடு தந்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2014 இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், 1964 ஆணை வந்தபோது இங்கே வசித்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான் அது பொருந்தும் என்றது. வரிசையில் சண்டை போட்ட முதல் இரண்டு பெண்களும் இந்த இரண்டு தீர்ப்புகளைத்தான் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாமவருக்கும் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில், எழுத்தர் வேலைக்குத் தேர்வான ஒரு புதுச்சேரிப் பெண்ணுக்கு அட்டவணை சாதிச் சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர் அவர். தேவாலயத்துக்கும் போய்வருகிறவர். இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்றார்கள். 1881 இல் ஒரு காகிதம், கையெழுத்துப் போட்டால் சாதி போகும் என்றது. போகவில்லை. இப்போது இன்னொரு காகிதம், நெற்றியில் தண்ணீர் பட்டதால் சாதி போய்விட்டது என்கிறது. சாதி போனதைச் சொல்ல வேண்டியவர் யார்? நம் மேல் சாதியைச் செலுத்துகிறவன் அல்லவா? அவன் இன்னும் சொல்லவில்லையே.

முதல் பெண்ணின் பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இது சின்னப் பிரதேசம். ஒரு வருஷத்தில் வருகிற வேலைகளைக் கைவிரலில் எண்ணலாம். பூர்வீகக்காரர்கள் பக்கத்தில் எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறை இப்போதுதான் வரிசைக்கு வந்திருக்கிறது. ஆனால் அவருடைய பிள்ளையின் வேலையைத் திண்டிவனத்துப் பறையர் மகள் பறிக்கவில்லை. நிரப்பப்படாத பணியிடங்களும், ஒப்பந்தத்துக்குப் போய்விட்ட துப்புரவு வேலையும், இடஒதுக்கீடே இல்லாத தனியார் கம்பெனிகளும் பறிக்கின்றன. பெரிய சட்டி யாரோ ஒருவர் வீட்டில் வேகிறது, நாம் அடிப்பானை வழித்துச் சண்டை போடுகிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு இடதுசாரித் தோழர் என்னிடம் சொன்னார்: "சர்ட்டிபிகேட் கேட்டு வரிசையில நிக்கிற வரைக்கும் சாதி ஒழியாது தோழர். 1936 ஜூலை 30 இல சவானா மில்லுல சுட்டுக் கொன்ன 12 பேர்கிட்ட எவனும் சாதி கேக்கலயே." அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் வணங்குகிறேன். எட்டு மணி நேர வேலையை இந்த மண்ணுக்கு வாங்கித் தந்த போராட்டம் அது. ஆனால் மில்லுக்குள் சாதி கேட்காத தோழமை, சங்கு ஊதி வெளியே வந்ததும் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? சான்றிதழ் வரிசையில் நிற்காதவருக்குச் சாதி இல்லை என்று அர்த்தமில்லை. காகிதம் இல்லாமலே அவருடைய சாதி செல்லுபடியாகிறது, அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டியது என்ன? மதத்தை வைத்துச் சாதிச் சான்றிதழை மறுக்கிற விதி போக வேண்டும்; 2007 இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்ததும் அதுதான். எல்லை தாண்டி வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் வழி செய்ய வேண்டும். பூர்வீகக்காரர்களின் பங்கு அதனால் குறையாதபடி இடங்கள் கூடவேண்டும். இந்த மூன்றையும் ஒரே மனுவில் எழுத வேண்டும். தனித்தனி மனுவாக எழுதினால் ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

அன்றைக்கு மூன்று பெண்களுக்கும் வேலை முடியவில்லை. கவுண்டரை மூடிவிட்டார்கள். வெளியே டீக்கடையில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஆபீசரை ஒரே குரலில் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.