குச்சனூர் சனியும் ரெண்டு பஞ்சாங்கமும்

சின்னமனூர் பக்கத்துல குச்சனூர். சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர். ஆடிச் சனிக்கிழமைன்னா கம்பம் பள்ளத்தாக்கே அங்கேதான் நிற்கும். ஆனா அந்தச் சனி இன்னைக்கு வானத்தில் எங்கே இருக்கார்னு கேட்டா யாரும் அண்ணாந்து பார்க்கிறதில்லை, பஞ்சாங்கத்தைப் புரட்டுறோம்.

எந்தப் பஞ்சாங்கம்? கும்பத்துக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20. ஒரே கிரகம், பதினோரு மாச வித்தியாசம்!

அதுக்காக வாக்கியத்தைக் கிண்டலடிக்க முடியாதுங்க. சந்திரன் நகர்வை 248 நாள் சுழற்சியாக்கி, நாளுக்கொரு வாக்கியம். எழுத்துதான் எண். ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர், புதுச்சேரிப் பக்கத்துக் கணியர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, மனப்பாடமாகவே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் பிழை வெறும் 4 நிமிடம். முடிவில்தான் 50 நிமிடத்துக்கு மேல்.

இந்தப் பிழைகளைத் திருத்தாம விட்டா நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். திருத்தணும்னு சொன்னவர்கள் நம்ம மரபிலேயே உண்டு. நம்ம மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பரமேஸ்வரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து 1431-ல் திருக்கணிதம் எழுதினார். இதில் வர்ற 'திரு' நம்ம திரு இல்லை. 'திருக்' என்றால் பார்வை. பார்த்துச் சரிசெய்த கணிதம்!

சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் இதைத்தான் சொன்னார். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வெளியிட்டு, பழைய கணக்கை விடாதவர்களோடு மல்லுக்கட்டினார். 1880-ல் மறைந்தார். வழக்கு இன்னும் தீரலை :)

தீர்ப்புச் சொல்ல ஒரு சாயங்காலம் போதும். 2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் மேற்கே ஒட்டிக்கொண்டு நின்றன. இடைவெளி நிலா அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். வாக்கியக் கணக்கிலோ குரு மகரத்துக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு, சனி இன்னும் தனுசில். அயனாம்சம், ராசி எல்லை என்ன வாதம் வைத்தாலும் இது உதைக்கும். ஒட்டி நிற்கிற ரெண்டு பேரைக் கணக்கு எப்படிப் பிரிச்சு வைக்கும்?

கோயிலில் எள் தீபம் எந்த நாளில் ஏற்றணும்ங்கிறது நம்பிக்கை, அதில் நான் தலையிடலை. கிரகம் எங்கே இருக்குங்கிறது நம்பிக்கை இல்லை. மாசம் ஒருமுறை நிலா சனிக்குப் பக்கத்தில் போகும். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்னைக்கு மொட்டைமாடி ஏறிப் பாருங்க. ஒரு விஷயம், நம்ம பள்ளத்தாக்கில் மேற்கே மலை மறைக்கும். அதனால கொஞ்சம் சீக்கிரமே ஏறிடுங்க.