தாமிரவருணித் தோணித்துறை

ஆற்றைக் கடத்தல் என்பது இக்காலத்தார்க்கு ஓர் அருஞ்செயலாகத் தோன்றுவதில்லை. நாங்குநேரியினின்றும் நெல்லையப்பரைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர், வண்டியில் அமர்ந்தவாறே சில நொடிகளில் தாமிரவருணியைத் தாண்டிவிடுகின்றனர். 1843-ஆம் ஆண்டுக்கு முன்னரோ அவ்விடத்தே பாலம் இல்லை. கீழைக்கரைப் பாளையங்கோட்டைக்கும் மேலைக்கரைத் திருநெல்வேலிக்கும் இடையே, நீர் பெருகிய நாளில் தோணி ஒன்றே துணையாயிருந்தது.

இவ்வாற்றின் இயல்பை நம்மவர் அறிதல் வேண்டும். பொதியமலையிற் பெய்யும் மழையோடு சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு ஆகியவற்றின் வெள்ளமும் நெல்லைக்கு மேற்கே ஒன்றுகூடும். ஆதலின், நெல்லையில் வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு பெருகிவருதல் உண்டு. அத்தகைய நாளில் இருகரையிலும் கூட்டம் தேங்கும், தோணியோ சிறிது. 1840-ஆம் ஆண்டளவில், முந்தி ஏறுவது யார் என்று எழுந்த பூசல் கைகலப்பாகி, உயிர்ச்சேதத்தில் முடிந்ததென்பர்.

அதன்பின் கலெக்டர் தாம்ஸன் துரை பாலம் அமைக்கக் கருதினார். காப்டன் ஹார்ஸ்லி திட்டம் வகுத்தார். செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். பொதுமக்களிடம் நிதி திரட்ட எண்ணியிருந்த வேளையில், கலெக்டர் கச்சேரிச் சிரஸ்தேதாராகிய சுலோசன முதலியார் அப்பொருள் முழுவதையும் தாமே அளிக்க முன்வந்தார். அவர் தொண்டைநாட்டிலிருந்து வந்த குடியினர். இந்நாட்டிற் பிறந்தார்க்கே நன்மை செய்வேன் என்று அவர் எண்ணினாரல்லர். 11 வளைவுகளோடு எழுந்த அப்பாலம் 1843-இல் திறக்கப்பெற்றது. 1869-ஆம் ஆண்டு வெள்ளம் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. 1871-இல் அது செப்பனிடப்பட்டது.

பாலம் வந்தது, தோணி மறைந்தது. கொடையாளர் பெயர் பாலத்தின் பெயராக நிலைத்தது. பெருவெள்ளத்தினூடே பல்லாயிரவரைக் கரைசேர்த்த ஓடக்காரர் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம். அவர் பெயர்களோடு, நீரின் போக்கை நோக்கி இறங்கும் அவர்தம் அறிவும் மறைந்ததே நமக்குற்ற பேரிழப்பாம்.

ஆற்றின் ஆற்றல் மட்டும் மறைந்திலது. 1925 ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியிலே தவறி வீழ்ந்த மகளைக் காக்கப் பாய்ந்து, வ. வே. சு. ஐயர் உயிர் துறந்தார். பின்னாளில் அணைகள் பல எழுந்தும், 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆறு கரைகடந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்துள் மூழ்குவதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம்.

அன்பர்களே! நீராடச் செல்லும் நம் பிள்ளைகட்கு, மலையில் மழை உண்டா என வினவியபின் ஆற்றில் இறங்குமாறு கற்பிப்போமாக. தோணியிலே முந்துவோர் யார் என்பது வழக்காயிற்று. பாலத்திலே அவ்வழக்கிற்கு இடமில்லை. நம் சங்கம் செய்யும் அறமும் அத்தோணி போலாகாது, அப்பாலம் போல் எல்லார்க்கும் வழியாதல் வேண்டும்.