போறணை வந்த வழி



கல்முனைக்குத் தெற்கே, காரைதீவைத் தாண்டி அக்கரைப்பற்றுச் சாலையில் செல்வோர் நிந்தவூரை அடைவர். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இவ்வூர் இல்லமொன்றில் பழமும் மாவும் சேர்த்துச் சுடும் ஓர் எளிய இனிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அப்பேச்சில் வந்து விழும் சொற்களைச் சற்றே செவிமடுத்துக் கேட்க வேண்டும். சமைக்கும் இடம் குசினி. மூடிய வெப்பத்தில் சுடும் அடுப்பு போறணை. அதில் வெந்து வருவது பாண். இனிப்பில் இடும் பழம் அன்னாசி. இந்நான்கு சொற்களும் போர்த்துக்கேயர் நாவிலிருந்து நம்மிடம் வந்தவை.

இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். வியப்பு உண்டு. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கேயர், முஸ்லிம்களைத் தம் வாணிபத்துக்குப் போட்டியாளராகவே கருதினர். 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேறியோரிற் பலரைக் கண்டியரசன் செனரத் ஏற்று, மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பர் வரலாற்றாசிரியர். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். எனினும் அந்த ஆண்டின் நினைவு இப்பகுதி வரலாற்றில் ஆழப் பதிந்ததாகும். 1638இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. துரத்தியவன் போய்விட்டான், அவனுடைய பாண் போகவில்லை. துரத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவன் சொல்லைக் கொண்டே இன்றும் அடுப்படிக்குப் பெயரிடுகின்றனர்.

அரிசி உண்ணும் நாட்டில் அப்பமும் பிட்டும் உண்டு. கோதுமை மாவை நாற்புறமும் சூழ்ந்த வெப்பத்தில் சுடவேண்டிய தேவை முன்பு இருக்கவில்லை. பாண் வந்தபின்னும் போறணை என்பது பாண் சுடுவோரின் உடைமையாகவே இருந்தது. வீடுதோறும் அதைக் கட்டுதல் இயலாது. ஆயினும் வழியொன்று நம்மவர் கையில் முன்னரே இருந்தது. அப்பச் சட்டியின் மூடிமேல் தணல் இட்டு, மேலும் கீழும் நெருப்பாக அப்பம் சுடும் முறையே அது.

இதே வழியைக் கடலுக்கப்பால் வேறொரு மக்களும் கண்டனர். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர், போறணை இல்லாத இடங்களில், கனத்த இரும்புச் சட்டியில் காட்டிலே பறித்த சிறு பழங்களை இட்டு, மேலே மாவைக் கரண்டியால் வைத்து, மூடிமேல் தணல் பரப்பிச் சுட்டனர். 19ஆம் நூற்றாண்டில் அவ்வினிப்புக்குக் 'காப்ளர்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. வார்ப்பிரும்புச் சட்டிகளை மணல் அச்சில் மலிவாக வார்க்கும் முறைக்கு 1707இல் ஆப்பிரகாம் டார்பி என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றிருந்தார்.

அந்தக் குளிர்நாட்டுச் சிறு பழங்கள் நம் வெப்பக் கரையில் விளையா. கச்சான் காற்று வீசும் காலத்தில் நமக்குப் பாலைப்பழம் உண்டு, நாவற்பழமும் உண்டு. ஆனால் பாலைப்பழத்தில் புளிப்பில்லை, பால்பசையோ மிகுதி. நாவல் துவர்க்கும். அவற்றைக் கையிலிருந்தே உண்பது நன்று. நெருப்பில் இனிமை பெறுவது புளிப்புள்ள பழமே. ஆகையால் அன்னாசியைக் கொள்வோம்.

நடுத்தண்டை நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிது சீனியுடன் நீர் சுண்டக் காய்ச்சி, நெய் தடவிய சட்டியில் பரப்புக. கோதுமை மா இரண்டு கோப்பை, சீனி அரைக் கோப்பை, உருக்கிய நெய் அரைக் கோப்பை, முட்டை ஒன்று, எருமைத் தயிர் முக்காற் கோப்பை, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி. (கோப்பை என்னும் சொல்லும் அவர்கள் தந்ததே!) தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தே மாவை எழுப்புமாதலால், குழைத்தவுடன் காலந்தாழ்த்தாது பழத்தின்மேல் வைத்து மூடுக. சிரட்டைத் தணலைக் கீழே குறைவாகவும் மூடிமேல் மிகுதியாகவும் இடுக. கீழே மிகுந்தால் பழச்சாறு கருகும். மேலே குறைந்தால் மா வேகாது. அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் மேற்புறம் பொன்னிறமாகும்.

மூடியைத் தூக்கும் கணத்திலேதான் பலர் உழைப்பு பாழாகிறது: சாம்பல் உள்ளே சரிந்துவிடும். உயர்ந்த விளிம்புள்ள மூடியையே தேர்ந்தெடுங்கள். அமெரிக்க இரும்புச் சட்டியின் மூடிக்குச் சுற்றிலும் வரம்பு வைத்ததும் அதற்காகவே.