பஞ்சாரமும் கூண்டும்: மலிவு முட்டையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?' என்று கேட்பது நம் வழக்கம். தாயின் கண்டிப்பு பிள்ளையைக் கெடுக்காது என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்றும் கேட்கிறது. இந்தப் பழமொழி புழங்க வேண்டுமானால் தாய்க்கோழியும் குஞ்சும் ஒரே தரையில் நின்றாக வேண்டும். இன்று நம் கடைகளுக்கு வரும் முட்டைகளில் பெரும்பகுதியை இடும் கோழிகள் தம் தாயைக் கண்டதில்லை. தம் குஞ்சையும் காணப் போவதில்லை. பழமொழி அப்படியே இருக்க, அது நின்றிருந்த தரை மட்டும் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று கேட்பதே இக்கட்டுரை. இதை ஜீவகாருண்யப் பிரச்சினையாகப் பார்க்காமல் உற்பத்தி உறவுகளின் வரலாறாகப் பார்க்க விரும்புகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பஞ்சாரத்தைக் கூண்டின் முன்னோடி என்று யாராவது சொல்லக்கூடும். அது சரியல்ல. பஞ்சாரம் ராத்திரிக்கானது. கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து கவிழ்ப்பார்கள், விடிந்ததும் தூக்கிவிடுவார்கள். பகலெல்லாம் குப்பைமேடு கோழியுடையது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலையும் காலம். அதுவரை முட்டை கிடையாது. அடை என்பது கோழி தானாக எடுத்துக்கொள்கிற விடுப்பு. இந்தப் பொருளாதாரம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. கோழி வித்த காசு என்றால் அது அம்மாவின் முந்தானையில் முடிந்த காசு, அப்பா கேட்டு வாங்க வேண்டிய காசு.

நவீன முட்டைத்தொழில் முதலில் கைவைத்தது அந்த விடுப்பில்தான். செயற்கை அடைகாப்பான் வந்தபின் கோழி உட்கார வேண்டிய தேவை இல்லாமல் போனது. அடைக்கு உட்காரும் கோழிகளைக் கழித்துக் கழித்து, அந்த உந்துதலே இல்லாத இனங்கள் உருவாக்கப்பட்டன. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். இன்றைய வெள்ளைக்கோழி 300-க்கு மேல் இடுகிறது. நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உபரி.

2

கோழியை ஆண்டு முழுக்கக் கூரைக்குள் வைத்திருப்பது 1920களுக்கு முன் எளிதாக இல்லை. வெயில் படாத கோழிக்குக் கால் வளைந்து எலும்பு மெலிந்துபோகும். 1922-இல் வைட்டமின் டி கண்டறியப்பட்டதும் மீன் எண்ணெயைத் தீவனத்தில் கலந்து வெயிலுக்கு மாற்றுக் கண்டார்கள். சூரியன் ஒரு தீவனச் சரக்காக மாறிய தருணம் அது. அதன்பிறகுதான் அமெரிக்காவில் கம்பிக் கூண்டுகளை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கும் சோதனைகள் சாத்தியமாயின. இதே காலத்தில் ஜப்பானில், பொரித்த அன்றே குஞ்சு ஆணா பெண்ணா என்று பிரித்தறியும் முறை உருவானது. முட்டைக்கென்று வளர்த்த இனத்தில் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் லாபமாக வளராது. எனவே பொரித்த நாளே அதன் கடைசி நாளாயிற்று. ஒவ்வொரு முட்டைக்கோழிக்கும் கணக்கில் வராத ஒரு சகோதரன் இருந்தான். ஜெர்மனி 2022-இலிருந்து இப்படிக் கொல்வதைத் தடை செய்திருக்கிறது.

கூண்டு எதற்காக வந்தது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆழ்கூள முறையில் கோழி தன் எச்சத்தின் மேலேயே நிற்கும். ரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் பரவும். கம்பித்தளம் வந்ததும் எச்சம் கீழே விழுந்தது, நோய் குறைந்தது. தளம் சரிவானது என்பதால் முட்டை தானே உருண்டு வெளியே வந்தது. ஆள்கூலி மிச்சம். 'கூண்டில்தான் கோழி ஆரோக்கியமா இருக்கு சார்' என்று பண்ணைக்காரர் சொன்னால் அதில் பாதி உண்மை. மறு பாதி கோழியின் எலும்புக்குள் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. 300 முட்டைக்கு 600 கிராம். கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பதைப் போல இது ஏறத்தாழ முப்பது மடங்கு. தீவனத்தில் போதாதபோது ஓட்டுக்கு எலும்பிலிருந்து போகிறது. நடக்கவும் பறக்கவும் வழியில்லாத உடம்பில் எலும்பு மேலும் மெலிகிறது. நிற்க முடியாமல் சரிந்துவிடும் 'கூண்டுச் சோர்வு' 1950களிலேயே பதிவாகிவிட்டது. நெஞ்செலும்பு முறிவு கூண்டுக்கு வெளியே வளரும் கோழிகளிலும் ஏராளம். வெளியே விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாதபடி, சுரண்டல் இனப்பெருக்கத்தின் வழியாக உடம்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஃபூக்கோ பேசிய பணியும் உடல்கள் இங்கே நினைவுக்கு வரும். ஆனால் சிறைவாசியைப் போல ஒழுங்கைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் மனம் கோழியிடம் எதிர்பார்க்கப்படவில்லை. பழக்கத்துக்குப் பதில் மரபணு. கண்காணிப்புக்குப் பதில் ஒரு நாளில் 16 மணி நேர வெளிச்சம். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தினால், கொத்துவதற்கான காரணத்தை விட்டுவிட்டு அலகைச் சுடுதகட்டில் வெட்டினார்கள். முட்டை குறைந்தால் பல நாள் பட்டினி போட்டு இறகு உதிரவைத்து, மறுபடி இடவைத்தார்கள்.

3

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்குப் பெயர் நாமக்கல். வானம் பார்த்த பூமி. கிணறு வற்றிய குடியானவர்கள் லாரிக்கும் கோழிக்கும் போனார்கள். 1985-இல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய நீண்ட கொட்டகைகள், கீழே எரு, மேலே கோழி. இன்று தினமும் கோடிக்கணக்கில் முட்டை.

இந்தப் பண்ணைக்காரரை வில்லனாக்குவது சுலபம், அது வரலாறாகாது. 1980களின் தொடக்கம் வரை முட்டைக்கு விலை சொன்னவர்கள் பெருநகர வியாபாரிகள். உற்பத்திச் செலவுகூடத் திரும்பாமல் பண்ணைகள் மூடின. 1982-இல் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான். தன் சரக்குக்குத் தானே விலை சொல்லும் உரிமை என்பது இந்தியக் குடியானவனுக்கு அபூர்வமாகக் கிடைத்த ஒன்று. ஆனாலும் அறிவிக்கிற விலைக்கும் வியாபாரி கையில் வைக்கிற விலைக்கும் நடுவே நாமக்கல்லில் 'மைனஸ்' என்று ஒரு பள்ளம் இருந்துகொண்டே வந்திருக்கிறது.

அதே பி.வி. ராவ்தான் 1971-இல் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸைத் தொடங்கியவர். அமெரிக்க பாப்காக் வழிவந்த பி.வி.300 கோழி நாடெங்கும் பரவியது. கலப்பினக் கோழியின் முட்டையை அடைவைத்து அடுத்த தலைமுறையை அதே தரத்தில் எடுக்க முடியாது. குஞ்சுக்கு ஒவ்வொரு முறையும் குஞ்சுப் பண்ணையிடம்தான் போக வேண்டும். விதைநெல்லை இழந்த உழவனுக்கும் இந்தப் பண்ணைக்காரருக்கும் என்ன வித்தியாசம்? செலவில் மிகப் பெரும் பங்கு மக்காச்சோளமும் சோயாவும். அவற்றின் விலை அவர் கையில் இல்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோயே வராத நாமக்கல்லிலும் விலை சரிந்தது. மேலே விலையும் கீழே செலவும் நெருக்க, அவரால் குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று: கோழிக்கான இடம். கூண்டுக்குள் இன்னொரு கோழி. கொட்டகையில் அம்மோனியா நெடிக்குள் வேலை பார்க்கும், வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் கூலியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

4

அந்த இடத்தைக் குறித்துச் சட்டம் பேசாமலில்லை. ருக்மணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா வழி திறக்க, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு விலங்கு நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்கிறது 11-ஆம் பிரிவு. கூண்டுக்கோழி இந்தியாவில் பரவுமுன்பே எழுதப்பட்ட வாசகம் இது. முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய் என்று நின்றுபோனது. இன்றைக்கு ஒரு டஜன் முட்டைக்குக்கூட அது போதாது.

'நியாயமான அளவு' என்றால் எவ்வளவு? ஆக்ஸ்ஃபோர்டில் மரியான் டாக்கின்ஸ் 1989-இல் அளந்து சொன்னார். கோழி சும்மா நிற்கச் சராசரியாக 475 சதுர சென்டிமீட்டர், திரும்ப 1,272, சிறகடிக்க 1,876. ஐரோப்பாவில் 1965-இன் பிராம்பெல் குழு, எழவும் படுக்கவும் திரும்பவும் கோதிக்கொள்ளவும் கால் சிறகு நீட்டவும் இடம் வேண்டும் என்றது; வெறுங்கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல்தான் ஒழித்தது. இங்கே 2017-இல் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் இதைக் கையில் எடுத்தது. 2019-இல் அரசு வெளியிட்ட வரைவு விதி கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்றது. டெம்மி அளவுச் சிற்றிதழை விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 600 வரும். சீர்திருத்தம் கேட்ட இடமே அந்த அளவுக்குக் குறைவு.

5

இனி, ஜீவகாருண்யத்தை ஏன் ஒதுக்கினேன் என்பது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவில் 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-இல் வாரம் ஐந்தானது. தட்டில் வைத்த முழு முட்டையைக் கலப்படம் செய்ய முடியாது, தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாது. இந்நாட்டில் ஏழைப்பிள்ளைக்கு அரசு கொடுத்த நேர்மையான உணவு இது. இதே முட்டையை 2015-இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிக்குள் விட மறுத்தார். 2021-இல் கர்நாடகத்தில் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். இவர்கள் அக்கறை கோழியின் மீதல்ல. யார் தட்டில் எது இருக்கலாம் என்று விதிக்கும் சாதி அதிகாரத்தின் மீது. ஆகவே கோழியைப் பற்றிப் பேசினால் அது அவர்களுக்குத்தான் உதவும் என்று நம் தோழர்கள் பலர் தயங்குவது எனக்குப் புரிகிறது.

ஆனால் பிள்ளையின் முட்டையா கோழியின் சிறகா என்கிற இந்த எதிர்வே பொய்யானது. இயற்கை கொடுத்த எதிர்வல்ல அது. முட்டைக்கு நாம் கொடுக்கும் விலையில் உருவானது. மலிவு என்று நாம் சொல்வது, யாரோ கொடுத்துவிட்ட மீதிக் காசு. கோழி எலும்பில் கொடுக்கிறது, தொழிலாளி நுரையீரலில் கொடுக்கிறார், பண்ணைக்காரர் மைனஸில் கொடுக்கிறார். இவர்களை ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்திவைப்பதால் லாபம் காண்பவர்கள் வேறு.

தமிழக அரசு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்காக முட்டை வாங்குகிறது. ஒப்பந்தப்புள்ளியில் முட்டையின் எடையும் தரமும் எழுதுகிற அரசு, கோழிக்கான இடத்தையும் பட்டினி போடாமையையும் கொட்டகைத் தொழிலாளியின் கூலியையும் எழுதலாம். எழுதிவிட்டு, அதற்கான கூடுதல் விலையைப் பண்ணைக்காரரிடம் நேராகக் கொடுக்கலாம். வாரத்தின் ஐந்து முட்டையில் ஒன்றுகூடக் குறையாமல் இதைச் செய்ய முடியும். முட்டையைப் பறிக்க வருபவர்களுக்கு எதிராகவும் இதே கோரிக்கையோடு நிற்கலாம். சத்துணவு ஊழியர் சங்கமும் பண்ணையாளர் சங்கமும் கொட்டகைத் தொழிலாளர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து இந்த விலையைப் பேசட்டும். கோழியின் பெயரால் பேச அங்கே எழுதுகிறவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறேன்.